இழைய இறப்பு

மீள முடியாதபடி காயப்பட்ட கலங்கள் உயிருள்ள உடலுக்குள்ளேயே மடிவது இழைய இறப்பு. இரத்த ஓட்டம் தடைப்படுதல், நஞ்சு, கிருமி, தீக்காயம் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். ஆற்றல் தீர்ந்த கலம் வீங்கும். கல்சியம் உள்ளே பாயும். மென்சவ்வு கிழிந்து, கசியும் நொதியங்கள் சுற்றிலும் அழற்சியை மூட்டும். உடல் தானே திட்டமிட்டு நடத்தும் கல மரணம் வேறு. அதில் கலம் சுருங்கி, அழற்சியின்றி அகற்றப்படும். கெர், வைலி, கறி ஆகிய மூவர் 1972இல் அதற்குத் தனிப்பெயர் சூட்டினர்.

மாரடைப்பில் இறந்த இதயத்தசை சில நாட்கள் உருக்குலையாமல் இறுகிக் கிடக்கும். இறந்த மூளை இழையமோ கூழாகிவிடும்.

கேகாலை மாவட்டத்தின் எட்டியாந்தோட்டை, தெரணியகல போன்ற இறப்பர் பகுதிகளில் இழைய இறப்புக்கு அறியப்பட்ட காரணங்களில் ஒன்று கூன்மூக்கு விரியன். அரை மீற்றரைப் பெரும்பாலும் எட்டாத இப்பாம்பு, காய்ந்த சருகின் நிறத்தில் சருகுக்குள்ளேயே கிடக்கும். விடியுமுன் பால்வெட்டுக்குப் போகிறவர்களின் காலையும் கையையும் கடிக்கிறது. இலங்கையில் அதிகம் பேரைக் கடிக்கும் நச்சுப்பாம்பு இதுவே. கடிவாய் வீங்கி, இரத்தக் கொப்புளம் எழும்பி, தோல் கறுக்கும். சிலருக்கு விரலையே அகற்ற நேரும். இறுக்கிக் கட்டுவதும் கீறுவதும் இரத்த ஓட்டத்தைக் கெடுத்து இழைய இறப்பைப் பெருக்கும்.

இக்கடி உயிரைப் பறிக்காது என்று நெடுங்காலம் நம்பப்பட்டது. ஆனால் சிலருக்குச் சிறுநீரகம் செயலிழக்கிறது. அங்கே எது இறந்தது என்பதே நோயாளியின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கும். நுண்குழாய்க் கலங்கள் மட்டும் மடிந்து அவற்றின் அடித்தளச் சவ்வு தப்பினால், எஞ்சிய கலங்கள் பெருகி வாரக்கணக்கில் குழாயின் உட்புறத்தை மீண்டும் போர்த்தும். அதுவரை இரத்தச் சுத்திகரிப்பு தாங்கிப் பிடிக்கும். எலிக்காய்ச்சலில் சிறுநீரகம் கெட்டவர்கள் பலர் தேறுவதும் இதனாலேயே. சிறுநீரகத்தின் வெளியடுக்கான புறணி முழுதும் இறந்தால் அது திரும்ப வளராது.

இலங்கை மருத்துவமனைகள் பயன்படுத்தி வந்துள்ள இந்திய நச்சுமுறி மருந்து நாகம், கண்ணாடி விரியன், கட்டுவிரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கின் நஞ்சுக்காகத் தயாரிக்கப்படுவது. கூன்மூக்கு விரியனின் நஞ்சை அது முறிப்பதில்லை. ஒவ்வாமை ஆபத்தை மட்டும் கொடுக்கும். மிகுதியாகக் கடிக்கும் பாம்புக்கே மருந்து கிடைக்காதிருப்பது தோட்டத் தொழிலாளருக்கு நேர்ந்துள்ள பெருங்குறை. எனவே வீக்கம் வற்றினாலும் சில நாட்களுக்குச் சிறுநீரின் அளவையும் இரத்தத்தில் கிரியேட்டினினையும் உறைதிறனையும் கவனித்துவர வேண்டும்.