காற்றும் தோட்டாவும்: ஆயிரம் கெஜத்தின் கதை

வேகமாகப் போகிற குண்டைக் காற்று குறைவாகத்தான் தள்ளும் என்று நானும் ரொம்ப நாள் நம்பிக்கொண்டிருந்தேன். வழியில் கழிக்கிற நேரம் குறைவு, அதனால் காற்றுக்குக் கிடைக்கிற அவகாசமும் குறைவு. இதில் என்ன சந்தேகம்? ரைஃபிள் போட்டிகளின் வரலாற்றைப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் இது பாதி உண்மை என்று தெரிந்தது.

ஒரு சின்ன விளக்கம் முதலில். தோட்டா என்றால் பித்தளைக் கூடு, மருந்து, குண்டு எல்லாம் சேர்ந்தது. குண்டு என்றால் பறந்து போகிற அந்தத் துண்டு மட்டும். அதன் எடையைக் கிரெய்னில் சொல்வார்கள். ஒரு கிராமுக்குச் சுமார் பதினைந்தரை கிரெய்ன்.

இப்போது பாயின்ட் 22 தோட்டாவை எடுத்துக்கொள்வோம். ஒலியின் வேகத்துக்குச் சற்றுக் குறைவாகப் போவது ஒரு வகை, ஒலியைத் தாண்டிப் போவது இன்னொரு வகை. 100 கெஜத்தில் பக்கவாட்டுக் காற்றில் சுட்டால் அதிகமாக விலகுவது வேகமான வகைதான்! ஏன் என்றால், காற்று குண்டைப் பக்கவாட்டில் 'தள்ளுவது' என்பதே சரியில்லை. குண்டு தன் மூக்கைக் காற்று வரும் பக்கம் லேசாகத் திருப்பிக்கொள்கிறது. அப்போது அதன் வேகத்தைக் குறைக்கிற அதே இழுவை, அதைக் கொஞ்சம் பக்கத்துக்கும் இழுத்துவிடுகிறது. ஆக, விலகல் பறக்கும் நேரத்தைப் பொறுத்தது அல்ல, 'தாமதத்தை'ப் பொறுத்தது. இழுவையே இல்லாவிட்டால் எவ்வளவு நேரத்தில் போயிருக்கும், உண்மையில் எவ்வளவு நேரம் ஆனது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் அந்தத் தாமதம். அதைக் காற்றின் வேகத்தால் பெருக்கினால் விலகல் கிடைத்துவிடும். 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு பீரங்கி அதிகாரி இசிடோர் டிடியோன் பெயரில் வழங்கும் சூத்திரம் இது.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 175 கிரெய்ன் குண்டு ஒன்று வினாடிக்கு 2600 அடி வேகத்தில் கிளம்புகிறது. ஆயிரம் கெஜம் என்றால் 3000 அடி. இழுவை இல்லாவிட்டால் 1.15 வினாடி போதும். நிஜத்தில் ஆவது சுமார் 1.7 வினாடி. தாமதம் 0.55. மணிக்கு 10 மைல் காற்று என்றால் வினாடிக்குச் சுமார் 14.7 அடி. பெருக்கினால் கிட்டத்தட்ட எட்டடி! அமெரிக்க ஆயிரம் கெஜ இலக்கில் பத்து மதிப்பெண் வட்டத்தின் விட்டம் 20 அங்குலம்தான். காற்றை மணிக்கு ஒரே ஒரு மைல் தப்பாகக் கணித்தாலும் நடுவில் பட வேண்டிய குண்டு வட்டத்தின் விளிம்புக்குப் போய்விடும். தோட்டாவைத் தேர்ந்தெடுப்பதில் இவ்வளவு சண்டை ஏன் என்பது இப்போது புரிகிறதா?

சரி, வரலாற்றுக்கு வருவோம். 1874 செப்டம்பர் 26, நியூயார்க் லாங் ஐலண்டில் கிரீட்மூர் மைதானம். அயர்லாந்துக்கும் அமெரிக்காவுக்கும் 800, 900, 1000 கெஜத்தில் போட்டி. அயர்லாந்துக்காரர்கள் குழல் வாய்வழியாக மருந்து நிரப்பும் பழைய வகை. அமெரிக்கர்கள் பின்புறம் தோட்டா போடும் புது வகை. இரண்டு பக்கமும் ஒத்துப்போன ஒரு விஷயம் குண்டு: 500 கிரெய்னுக்கு மேல் எடையுள்ள நீளமான ஈயம். கருமருந்தில் வேகத்தை ஓரளவுக்கு மேல் கூட்ட முடியாது, அதனால் எடையையும் நீளத்தையும் நம்பினார்கள். அமெரிக்கா 934, அயர்லாந்து 931. அயர்லாந்து வீரர் ஒருவர் பக்கத்து இலக்கின் நடுவட்டத்தில் சுட்டுவிட்டார், அதற்கு மதிப்பெண் பூஜ்யம். அந்த நான்கு கிடைத்திருந்தால் 935! அந்த மனிதர் அன்றிரவு தூங்கியிருப்பாரா என்று நான் யோசித்ததுண்டு.

புகையில்லா மருந்து வந்ததும் எல்லாரும் வேகத்தின் பின்னால் ஓடினார்கள். ஜெர்மனி கூர்மூக்குக் குண்டுக்கு மாறியது. அமெரிக்காவும் 220 கிரெய்ன் மழுங்கல் குண்டைக் கைவிட்டு, 1906ல் 150 கிரெய்ன் கூர்மூக்குக் குண்டை வினாடிக்கு 2700 அடியில் அனுப்பியது. நூல் பிடித்த மாதிரிப் போகும் பாதை, எல்லாருக்கும் சந்தோஷம். ஆனால் அதன் பின்புறம் தட்டையானது. முதல் உலகப்போரில் இயந்திரத் துப்பாக்கியால் தொலைவுக்குச் சுட்டபோதுதான் குட்டு வெளிப்பட்டது. 4700 கெஜம் போகும் என்று சொல்லப்பட்ட குண்டு 3400 கெஜத்திலேயே விழுந்தது. தொடங்கிய வேகத்தை அது வழியிலேயே செலவழித்துவிட்டது.

போருக்குப் பிறகு புளோரிடாவின் டேடோனா கடற்கரையில் சுட்டுச் சுட்டுச் சோதித்தார்கள். பதில் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது: படகின் பின்புறம் போல 9 டிகிரி சரிந்த வால் உள்ள 174 கிரெய்ன் குண்டு. (படகு வாலைப் பிரெஞ்சுக்காரர்கள் 1898லேயே செய்துவிட்டார்கள் என்பது வேறு கதை.) அதைப் பார்த்து 1920களின் நடுவில் அமெரிக்க எம்1 தோட்டா பிறந்தது, 173 கிரெய்ன். கிளம்பும்போது 1906 குண்டை விடக் கொஞ்சம் மந்தம்; ஆயிரம் கெஜத்தில் வந்து சேரும்போது வேகம் அதிகம், தாமதம் குறைவு. போட்டி வீரர்கள் அதைக் கொண்டாடினார்கள்.

அப்புறம்தான் வேடிக்கை. 1936 வாக்கில் பழைய இருப்பு தீர்ந்து எம்1 எல்லா இடத்துக்கும் போனது. குண்டு ரொம்ப தூரம் போகிறது. பல பயிற்சி மைதானங்களின் பாதுகாப்பு எல்லையையே தாண்டிவிடும் என்று புகார்! நல்ல குண்டு என்பதே அதன் குற்றமாகிவிட்டது. ராணுவம் மறுபடியும் 150 கிரெய்ன் பக்கமான தட்டைக் குண்டுக்குத் திரும்பி, எம்2 என்று பெயர் வைத்தது. இரண்டாம் உலகப்போர் முழுக்க ஓடியது அதுதான். 173 கிரெய்ன் குண்டு போட்டித் தோட்டாவாக 1950களின் பிற்பகுதியில்தான் திரும்பி வந்தது.

1959ல் சியரா நிறுவனம் 300 மீட்டர் போட்டிக்காக 168 கிரெய்ன் குண்டு ஒன்றை வடிவமைத்தது. துல்லியம் அபாரம். விடுவார்களா, ஆயிரம் கெஜத்துக்கும் எடுத்துப் போனார்கள். அதன் வால் சரிவு 13 டிகிரி. பாயின்ட் 308 ரைஃபிளில் அது ஆயிரம் கெஜத்தை நெருங்கும்போது ஒலியின் வேகத்துக்கு இறங்குகிறது, அங்கே தடுமாற ஆரம்பித்துவிடுகிறது. இலக்கு அட்டையில் சில ஓட்டைகள் வட்டமாக இல்லாமல் நீள்வட்டமாக இருக்கும், குண்டு சாய்ந்து வந்து பட்டிருக்கிறது என்று அர்த்தம். 1990களில் அமெரிக்க ராணுவம் நெடுந்தூரத் தோட்டாவுக்கு 175 கிரெய்ன் குண்டைத் தேர்ந்தெடுத்தபோது அதன் வாலை அளந்து பார்த்தால் 9 டிகிரி. சுவிஸ் குண்டைப் பார்த்து எம்1க்குப் போட்ட அதே சரிவு.