741 கிலோமீட்டரும் கடைசி ஒன்றரையும்

2024 ஜூலையில் அப்பாவும் அம்மாவும் நாகர்கோவிலிலிருந்து எங்கள் வசாய் வீட்டுக்கு வருவதாக இருந்தது. கிளம்புகிற நேரத்தில் கோவாவில் பெர்னெம் சுரங்கத்துக்குள் தண்ணீரும் சேறும் புகுந்து கொங்கண் பாதை அடைத்துக்கொண்டது. சில ரயில்கள் ரத்து, சில ரயில்கள் சுற்றுவழி. மழைக்காலத்தில் இந்தப் பக்கம் ஊருக்குப் போய் வருகிறவர்களுக்கு இதெல்லாம் பழகிப்போயிருக்கும். அப்பாதான் போனில் விடவில்லை. "மக்ளே, அந்தச் சொரங்கத்துல என்னதான் பிரச்சினை? கட்டி இத்தன வருசம் ஆச்சு, இன்னுமா சரி பண்ணிட்டு இருக்கானுவ?"

எனக்கு அந்தச் சுரங்கத்தை 2006-லேயே தெரியும். ரயிலில் போய்ப் பார்த்ததில்லை, கரும்பலகையில்தான் பார்த்தேன்.

வங்கியில் அதிகாரியாகி அதிக நாள் ஆகாத சமயம். பெரிய ப்ராஜெக்ட்டுகளுக்குக் கடன் கொடுப்பதைப் பற்றி ஒரு வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். நான் பி.காம். பற்று, வரவு, ஐந்தொகை தெரியும். 'ப்ராஜெக்ட் மேனேஜ்மென்ட்' என்றால் இன்ஜினியர்கள் சமாச்சாரம் என்று நினைத்துக்கொண்டு கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன்.

முதல் இரண்டு நாளும் தியரி. 1957 வாக்கில் அமெரிக்காவில் டூபான்ட் கம்பெனியின் மார்கன் வாக்கரும், ரெமிங்டன் ராண்ட் கம்பெனியின் ஜேம்ஸ் கெல்லியும் யூனிவாக் கம்ப்யூட்டரை வைத்துக்கொண்டு ஒரு கேள்விக்கு விடை தேடினார்கள். ஒரு தொழிற்சாலை கட்டுவதில் ஆயிரம் வேலை இருக்கிறது. எந்த வேலை ஒரு நாள் தள்ளிப்போனால் மொத்தமும் ஒரு நாள் தள்ளிப்போகும்? நம் வீட்டுக் கல்யாணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மண்டபம் கிடைத்தால்தான் தேதி, தேதி இருந்தால்தான் பத்திரிகை, பத்திரிகை அடித்தால்தான் அழைப்பு. இந்த வரிசையில் எது தாமதமானாலும் கல்யாணமே தாமதம். ஜவுளி எடுப்பது ஒரு வாரம் தள்ளினால் ஒன்றும் ஆகாது. (வீட்டம்மா ஒத்துக்கொள்ள மாட்டார், அது வேறு.) முதல் வகை வரிசைக்கு 'கிரிட்டிகல் பாத்' என்று பெயர். ஜவுளிக்குக் கிடைக்கிற அந்த ஒரு வார அவகாசம் 'ஃப்ளோட்'. லூயிவில் என்ற ஊரில் டூபான்ட் ஆலையைப் பராமரிப்புக்காக மூடினால் 125 மணி நேரம் ஆகுமாம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு அது 93 மணி நேரமாகக் குறைந்தது.

அடுத்த வருடமே அமெரிக்கக் கடற்படை, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து ஏவும் பொலாரிஸ் ஏவுகணைக்காக 'பெர்ட்' என்ற முறையைக் கொண்டுவந்தது. ஒரு வேலைக்கு எத்தனை நாள் என்று கேட்டால் ஒரே பதில் சொல்லக்கூடாது. எல்லாம் நல்லபடி நடந்தால் இத்தனை, வழக்கமாக இத்தனை, எல்லாம் சொதப்பினால் இத்தனை என்று மூன்று சொல்ல வேண்டும். நடுவில் இருப்பதை நாலால் பெருக்கி, மற்ற இரண்டையும் கூட்டி, ஆறால் வகுக்க வேண்டும். 1960 ஜூலையில் கடலுக்கடியிலிருந்து ஏவுகணை கிளம்பியது. பெர்ட்டுக்கு உலகப் புகழ். ஆனால் ஹார்வி சபோல்ஸ்கி என்ற ஆய்வாளர் 1972-ல் வந்த புத்தகத்தில் வேறு மாதிரி சொன்னார். அந்தச் சார்ட்டுகள் வேலையை நடத்தியதைவிட, வெளியாட்கள் மூக்கை நுழைக்காமல் தடுக்கத்தான் அதிகம் உதவின என்பது அவர் கட்சி. எங்கள் ரிவ்யூ மீட்டிங்கில் ஓடும் கலர் கலரான ஸ்லைடுகள் எனக்கு ஞாபகம் வந்தன.

மூன்றாம் நாள் கேஸ் ஸ்டடி. ஆசிரியர் பலகையில் நெடுக ஒரு கோடு இழுத்தார். ஒரு முனையில் ரோஹா, மறு முனையில் மங்களூர் பக்கம் தோக்கூர். 741 கிலோமீட்டர்.

கொங்கண் ரயில்வே கார்ப்பரேஷன் 1990-ல் தொடங்கியது. அப்போது ரயில்வே மந்திரி மங்களூரில் பிறந்த ஜார்ஜ் பெர்னாண்டஸ். தலைமைக்கு வந்தவர் இ. ஸ்ரீதரன். 1964 டிசம்பர் புயலில் பாம்பன் பாலம் சின்னாபின்னமானபோது, கடலுக்குள் கிடந்த கர்டர்களைத் தேடியெடுத்து 46 நாளில் ரயில் விட்டவர் என்று நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். அரசு பட்ஜெட்டிலிருந்து முழுப் பணமும் வரவில்லை. மூலதனத்தில் ரயில்வே 51 சதவீதம், மகாராஷ்டிரா 22, கர்நாடகா 15, கோவாவும் கேரளாவும் தலா 6. மிச்சத்துக்குக் கடன் பத்திரங்கள். அதாவது வட்டி. இந்த இடத்தில்தான் கடைசி பெஞ்ச் நிமிர்ந்து உட்கார்ந்தது.

பாதையில் தொண்ணூறுக்கும் மேற்பட்ட சுரங்கங்கள், பெரிதும் சிறிதுமாக ஏறக்குறைய இரண்டாயிரம் பாலங்கள். ரத்னகிரிக்குப் பக்கத்தில் பன்வல் நதி மேல் 64 மீட்டர் உயரப் பாலம். கார்புடே சுரங்கம் ஆறரை கிலோமீட்டர். இதைப் பார்த்தால் யாருக்கும் கார்புடேதான் கழுத்தைப் பிடிக்கும் என்று தோன்றும். நாங்கள் எல்லாரும் அப்படித்தான் சொன்னோம். ஆசிரியர் சிரித்துவிட்டு, கோட்டின் நடுவில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். பெர்னெம். சுமார் ஒன்றரை கிலோமீட்டர்.

கார்புடே பாறை. பாறையைக் குடைய ஸ்வீடனிலிருந்து இயந்திரம் வந்துவிட்டது. பெர்னெமில் இருந்தது தண்ணீர் ஊறிய களிமண். அங்கே அந்த இயந்திரத்துக்கு வேலை இல்லை, கையால்தான் தோண்ட வேண்டும். தோண்டத் தோண்டச் சரியும். இப்படிப்பட்ட இளக மண் சுரங்கங்கள் ஒன்பது. அவற்றில் மட்டும் நான்கு வருடங்களும் 19 உயிர்களும் போயின. நடுவில் கோவாவில் பாதை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று போராட்டம், 1993-ல் விசாரணைக் கமிஷன், அதனால் வேலை நிறுத்தம். ஐந்து வருடம் என்று போட்ட திட்டம் ஏழு வருடத்தைத் தாண்டியது. இறந்துபோன தொழிலாளர்களுக்கு ரத்னகிரி ஸ்டேஷனில் நினைவுச்சின்னம் இருக்கிறது. அடுத்த முறை போகும்போது வண்டி நின்றால் இறங்கிப் பாருங்கள்.

மங்களூர் – உடுப்பி 1993 மார்ச்சிலேயே திறந்தாயிற்று. வடக்கே சாவந்த்வாடி வரையும் தெற்கே கோவா வரையும் ரயில் ஓட ஆரம்பித்த பிறகும் நடுவில் பெர்னெம் பாக்கி. கணக்குப்படி வேலை 99 சதவீதம் முடிந்துவிட்டது. வருமானமும் 99 சதவீதம் வந்ததா என்றால், இல்லை. மும்பையிலிருந்து மங்களூருக்கு 1,127 கிலோமீட்டர் மிச்சம், 41 மணி நேரப் பயணம் 15 மணி நேரம் என்பதற்காகத்தானே இந்தப் பாதை? அந்த மிச்சம் கடைசி ஒன்றரை கிலோமீட்டர் முடிந்தால்தான் கிடைக்கும். வட்டியோ மொத்தப் பணத்துக்கும் ஓடிக்கொண்டிருந்தது. 1998 ஜனவரி 26 அன்றுதான் முழுப் பாதையிலும் ரயில் போனது. அதன் பிறகும் பல வருடம் கம்பெனி வட்டிச் சுமையில் நஷ்டத்தைத்தான் காட்டியது. தாமதத்தின் விலை என்ன என்று எனக்குப் புரிகிற பாஷையில் அன்றைக்குத்தான் யாரோ சொன்னார்கள்.

கடைசி நாள் செய்முறை. ஐந்து பேர் கொண்ட குழு, புதுக் கிளை திறப்பதற்கு நெட்வொர்க் வரைய வேண்டும். எங்கள் குழு 38 நாளில் முடித்து நிமிர்ந்தது. ஆசிரியர் தாளைப் பார்த்துவிட்டு, "ஸ்ட்ராங் ரூம் கதவு எப்போ உள்ளே போகும்?" என்றார். முன்பக்கம் கண்ணாடி, கிரில் எல்லாம் போட்ட பிறகு அந்தக் கதவை லாரியிலிருந்து இறக்குவதாக வரைந்திருந்தோம். அந்தக் கதவை நேரில் பார்த்தவர்களுக்குச் சிரிப்பு வரும்.

அதெல்லாம் காகிதம். நிஜச் செய்முறை ஆபீஸில் ஆணி பிடுங்கும்போதுதான் வந்தது. சில வருடங்களுக்கு முன் எங்கள் வங்கியோடு இன்னொரு வங்கி இணைந்தது. என் கிளைக்கு வந்த கணக்குகளின் கையெழுத்துகளை எல்லாம் ஸ்கேன் செய்து ஏற்றும் பொறுப்பு என்னுடையது. தினமும் மேலே ரிப்போர்ட் அனுப்ப வேண்டும். சுலபமானதை எல்லாம் முதலில் ஏற்றச் சொன்னேன். சதவீதம் மளமளவென்று ஏறியது. மாறுதலுக்கு முந்தின நாள் 'தொண்ணூறுக்கு மேல்' என்று அனுப்பிவிட்டுச் சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். பாராட்டுகூட வந்தது.

மிச்சம் இருந்தது என்ன என்று நான் பிரித்துப் பார்க்கவில்லை. அத்தனையும் கைநாட்டுக் கணக்குகள். ஆளை நேரில் வரவழைத்து, போட்டோ எடுத்து, சாட்சியோடு ரேகை வாங்க வேண்டியவை. நேரம் பிடிக்கும் என்று ஓரமாக வைத்திருந்தோம். அந்தக் கணக்குக்காரர்களிடம் ஏடிஎம் கார்டும் கிடையாது, போனில் பணம் அனுப்பவும் தெரியாது. பென்ஷன் போட்ட அன்று காலை ஒன்பது மணிக்கே ஷட்டருக்கு வெளியே நின்றவர்கள் அவர்கள்தான். கேஷ் கவுண்டரில் கணக்கைத் தட்டினால் ரேகை இல்லை, பணம் கொடுக்க முடியாது.

வரிசையில் ஒரு பாட்டி, மராத்திக்காரர். சர்க்கரை வியாதி மாத்திரை வாங்க வேண்டும் என்று பாஸ்புக்கை நீட்டிக்கொண்டே இருந்தார். என் பாக்கெட்டிலிருந்து ஐந்நூறு ரூபாய் கொடுத்தேன். வாங்கவில்லை. "என் பணம்தானே உள்ளே இருக்கிறது?" என்று கேட்டுவிட்டு, சுவரோரம் போய் உட்கார்ந்துகொண்டார். பழைய கார்டுகளைப் பீரோவிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாக ஏற்றினோம். அவர் முறை வந்தபோது மணி மூன்றே கால்.

அப்பாவிடம் போனில் இவ்வளவையும் சொல்லவில்லை. "அது களிமண்ணுப்பா, 2020-லயும் சுவர் இடிஞ்சுது, மழை வந்தா பிரச்சினைதான்" என்றேன். "முதல்லயே தெரியாமலா இருந்திருக்கும்?" என்று கேட்டார். அடுத்த வாரம் சோலாப்பூர் வழி ரயிலில் டிக்கெட் போட்டுக் கொடுத்தேன்.