ஆரணியும் ஆகாய கணிதமும்

கமண்டல நாகநதிக் கரையில் பட்டுத் தறிகளால் பெயர் பெற்ற ஆரணிக்கும், கொழும்பை அடுத்த ஏக்கலை ஒலிபரப்பு நிலையத்துக்கும் நேர்க்கோட்டில் ஏறக்குறைய 620 கிலோமீட்டர் தூரம். 1950களில் இலங்கை வானொலியின் தமிழ்ப் பாடல்கள் இத்தூரத்தைச் சிற்றலையிலே கடந்து தமிழகத்து ஊர்களை எட்டின என்பது பலரும் அறிந்த செய்தி. எந்த அலைவரிசை எந்த வேளையில் தெளிவாகக் கேட்கும் என்று முன்கூட்டியே கணிக்கும் சாஸ்திரம் ஒன்று அதற்குத் துணைநின்றதை அறிந்தோர் சிலரே.

சிற்றலை நிலத்தை ஒட்டி நெடுந்தூரம் செல்லமாட்டாது. மேலெழுந்து, சூரிய கிரணங்களால் மின்னூட்டம் பெற்ற அயனமண்டலத்தில் வளைந்து மீளும். அம்மண்டலம் இருப்பதை 1924இல் இங்கிலாந்தில் ஆப்பிள்டன் பரிசோதனையால் நிரூபித்தார். அடுத்த பத்தாண்டில் கல்கத்தாவில் சிசிர் குமார் மித்ரா அவ்வாராய்ச்சியை நம் நாட்டில் வேரூன்றச் செய்தார். நேர்மேலே துடிப்பலைகளை எய்து, எவ்வளவு அதிர்வெண் வரை அவை திரும்புகின்றன என்று அளப்பதே இதன் மூலாதாரம்.

ஏக்கலையிலிருந்து ஆரணி நோக்கிப் புறப்படும் அலை பாக்கு நீரிணைப் பிரதேசத்துக்கு மேலே, ஏறத்தாழ 300 கிலோமீட்டர் உயரத்தில் திரும்புவதாகக் கொள்வோம். அங்கே நேர்மேலே எய்த அலை 7 மெகாசைக்கிள் வரை மீளுமாயின், சாய்வாகச் செல்லும் அலை 10 மெகாசைக்கிள் வரை மீளும் என்பது கணக்கு. ஆயினும் இது மாதத்தின் நடுமதிப்பேயாதலால், நாளுக்கு நாள் நேரும் ஏற்றத்தாழ்வைக் கருதிப் பொறியாளர்கள் அதில் 85 சதவீதத்தையே ஏற்பார்கள். அப்பொழுது 31 மீட்டர் அலைவரிசை அவ்வரம்பை மீறுவதால் சந்தேகத்துக்குரியதாகி, வரம்புக்குள் அடங்கும் 41 மீட்டரே நம்பத்தக்கதாகும்.

இவ்வழியின் நடுப்புள்ளிக்கு அண்மையிலே திருச்சிராப்பள்ளியில் அகில இந்திய வானொலியும், மேற்கே கோடைக்கானல் வானாராய்ச்சி நிலையமும் அயனமண்டலத்தை அளந்துவந்தன. காந்த மத்தியரேகை தென் தமிழகத்தை ஒட்டிச் செல்வதால் அந்தியில் ஒலி மங்கும் விசித்திரமும், பதினோரு ஆண்டுக்கொரு முறை சூரிய களங்கங்கள் பெருகித் தணியும் மாறுதலும் அவ்வளவைகளில் பதிவாயின. 1957-58 சர்வதேச பூபௌதிக ஆண்டில் உலகெங்கும் இம்முயற்சி தீவிரமடைந்தது.

அன்று அட்டவணையும் வரைபடமும் கொண்டு செய்த கணக்கை இன்று வோகேப் போன்ற கணினி நிரல்கள் நொடியில் செய்துவிடுகின்றன. ஆனால் அவற்றுக்கு ஆதாரம் பல நாட்டு நிலையங்கள் மணிதோறும் எடுத்துவைத்த அளவைகளே. அளக்காத ஆகாயத்தை எந்தக் கணினியும் கணித்துவிட முடியாது.