வளையும் கோடும் யானையின் உயரமும்

யானையின் உடலில் நேர்க்கோடு என்று ஏதும் கிடையாது. தெப்பக்காட்டில் மாயாற்றங்கரையில் நிற்கும் ஒரு யானையைப் படம் பிடித்து, அந்தப் படத்தில் லென்ஸ் எவ்வளவு பொய் சொல்லியிருக்கிறது என்று கேட்டால், யானையைப் பார்த்துச் சொல்ல இயலாது. அருகில் நடப்பட்ட கம்பத்தைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். கம்பம் வெளிப்பக்கமாகப் புடைத்திருந்தால் அது பீப்பாய்த் திரிபு. உட்புறமாகக் குழிந்திருந்தால் ஊசிமெத்தைத் திரிபு. இன்று போட்டோஷாப்பில் ஒரு சொடுக்கில் நிமிர்ந்துவிடும் இந்தக் கோடுகளுக்குப் பின்னே நூற்றைம்பது ஆண்டுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது.

தமிழகத்தில் அது கோயில்களிலிருந்து தொடங்குகிறது எனலாம். சென்னை மாகாண அரசின் புகைப்படக்காரரான லின்னேயஸ் ட்ரைப், 1858-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் அடித்தளக் கல்வெட்டுகளை 21 படங்களாக எடுத்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக்கினார். கல்வெட்டு வரி நேராக ஓடுவது. ஒரு படத்தின் ஓரத்தில் அது வளைந்தால் அடுத்த படத்தோடு பொருந்தாது. அக்காலத்தில் இதற்குத் தீர்வு கண்ணாடியிலேயே தேடப்பட்டது. ஒளித்துளையை லென்ஸுக்கு முன்னால் வைத்தால் பீப்பாய்த் திரிபும் பின்னால் வைத்தால் ஊசிமெத்தைத் திரிபும் தோன்றும். ஆகவே துளையின் இருபுறமும் ஒத்த இரு லென்ஸ்களை வைத்தால் ஒன்றின் பிழையை மற்றது தின்றுவிடும். 1866-இல் லண்டனில் டால்மேயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் தனித்தனியே இந்த அமைப்பை எட்டினார்கள்.

இருட்டறையில் இந்தத் திரிபுக்கு மருந்து குறைவு. தாளைச் சாய்த்து வைத்துச் சாயும் கோபுரத்தை நிமிர்த்தலாமே தவிர, வளைந்த கோட்டை நேராக்குவது எளிதன்று. முதுமலையில் முகாம் யானையின் முதுகிலிருந்து காட்டு யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்த மா. கிருஷ்ணன் (1912–1996; ‘பத்மாவதி சரித்திரம்’ எழுதிய அ. மாதவையாவின் மகன்) பல கருவிகளின் பாகங்களைக் கோத்துத் தாமே ஒரு காமிராவை உருவாக்கிக்கொண்டு, அதற்கு ‘சூப்பர் பாண்டரோசா’ என்று பெயரும் சூட்டியவர். காட்டில் நேர்க்கோடுகள் இல்லாததால் அவர் போன்றோருக்கு வளைவு ஒரு பொருட்டாக இருந்திருக்காது என்று தோன்றலாம். அழகுக்கு அது பொருட்டன்று. அளவுக்கு அப்படியல்ல.

யானையின் உயரம் முன்னங்கால் பாதச் சுற்றளவைப் போல் இருமடங்கு என்பது பழைய கணக்கு. முகாம் யானைக்கு நாடா பிடிக்கலாம். காட்டு யானைக்கு யார் பிடிப்பது? தமிழ்நாட்டு முகாம் யானைகளின் வளர்ச்சியை ஆராய்ந்து ராமன் சுகுமார், என்.வி. ஜோஷி, கால்நடை மருத்துவர் வி. கிருஷ்ணமூர்த்தி ஆகியோர் 1988-இல் வெளியிட்ட கட்டுரை, உயரத்துக்கும் வயதுக்கும் உள்ள உறவை வகுத்துத் தந்தது. உயரம் தெரிந்தால் வயதை மதிப்பிடலாம். ஆகவே படத்தில் அளப்பது ஒரு வழி: யானை நகர்ந்தபின் அது நின்ற இடத்தில் அளவுகோலை நட்டு, அதே இடத்திலிருந்து மறுபடி படமெடுத்து ஒப்பிடுவது. இங்கேதான் சிக்கல். யானை படத்தின் ஓரத்திலும் கோல் நடுவிலும் விழுந்துவிட்டால், பீப்பாய்த் திரிபு ஓரத்தைச் சுருக்குவதால் யானை குள்ளமாகிவிடும். 240 செ.மீ. உயரமுள்ள பெண் யானையில் 3 சதவீதப் பிழை என்பது 7 செ.மீ. வளர்ச்சி மெல்ல நடக்கும் வயதில் அந்த 7 செ.மீ. பல ஆண்டுகளுக்குச் சமம். ஒரு மந்தையில் வளர்ந்தவை எத்தனை, இளையவை எத்தனை என்ற கணக்கே அதனால் பிறழக்கூடும்.

கணிதம் துணைக்கு வந்தது நில அளவையாளர் வழியாக. வான்படங்களில் உழன்ற டுவேன் பிரவுன் 1966-இல் திரிபுக்கான சமன்பாடுகளைச் செம்மைப்படுத்தினார். 1971-இல் அவர் சொன்ன சோதனை நம் கொத்தனார்களுக்கு வியப்பளிக்காது. தூக்குக்குண்டு நூல்களைத் தொங்கவிட்டுப் படமெடு. படத்தில் நூல் எவ்வளவு வளைகிறதோ அவ்வளவும் லென்ஸின் குற்றம். அந்தக் குற்றத்தை எண்களாக்கிக்கொண்டால், ஒவ்வொரு புள்ளியையும் அதன் உரிய இடத்துக்கு நகர்த்தலாம். ஜெர்மானியப் பேராசிரியர் ஹெல்மூட் டெர்ஷ் 1998-இல் இலவசமாக வெளியிட்ட ‘பனோரமா டூல்ஸ்’ இதை வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்தது. ட்ரைப் பசையால் ஒட்டிய வேலையைச் செய்யும் மென்பொருள்தான் அது என்பது எனக்கு மகிழ்ச்சி தரும் ஒற்றுமை. 2005-இல் போட்டோஷாப் சிஎஸ்2-இலும் திருத்தும் வசதி வந்தது. கட்டங்களைப் பரப்பிக் கண்ணளவில் சரிசெய்ய வேண்டும். 2010 முதல் அடோபி, லென்ஸ்வாரியாக அளந்த குறிப்புகளையே மென்பொருளோடு சேர்த்துத் தந்தது.

‘தி எலிஃபெண்ட் விஸ்பரர்ஸ்’ 2023-இல் ஆஸ்கார் பெற்றபின் தெப்பக்காட்டுக்குக் கைபேசியோடு வருவோர் பெருகினர். அந்தக் கைபேசிகள் பலவற்றில் அகலக்கோண லென்ஸின் வளைவு, படம் கண்ணில் படுமுன்பே தானாகத் திருத்தப்பட்டுவிடுகிறது. ஆனால் கோட்டை நேராக்கும் கணக்கு ஓரங்களை இழுத்தே நேராக்குகிறது. கம்பம் நிமிர்ந்து நிற்கும். ஓரத்தில் நிற்கும் குட்டி பக்கவாட்டில் பருத்துவிடும். இதற்கு எதிர்த்திசையில் இழுத்து உடலை இயல்பாக்கும் மென்பொருள்களும் உண்டு. அவற்றில் குட்டி தன் உருவம் பெறும்போது கம்பம் மறுபடி வளையத் தொடங்குகிறது.