பெருந்தொற்று ஊரடங்கும் டெல்லியின் காற்று மாசும்

கொரோனா பரவலைத் தடுக்க 2020 மார்ச் 25 முதல் மே 31 வரை இந்தியாவில் நான்கு கட்டங்களாக நடைமுறையில் இருந்த ஊரடங்கு, நகரக் காற்று மாசைப் பற்றிய ஆய்வில் தனி இடம் பெற்றுள்ளது. டெல்லியில் மார்ச் 22 மக்கள் ஊரடங்குக்கு அடுத்த நாளே மாநில அரசின் கட்டுப்பாடுகள் தொடங்கிவிட்டன. வாகனங்கள், கட்டுமானப் பணிகள், பெரும்பாலான தொழிற்கூடங்கள் ஆகியவை ஏறத்தாழ ஒரே நேரத்தில் நின்றன. உலகின் மிக மாசடைந்த தலைநகரங்களுள் ஒன்றில் இப்படியொரு நிறுத்தத்தை எந்த அரசும் ஆய்வுக்காகச் செய்திருக்க முடியாது.

முதலில் குறைந்தது நைட்ரஜன் டை ஆக்சைடு. எரிபொருள் எரியும்போது உருவாகும் இந்த வாயு காற்றில் சில மணி நேரமே தங்கும். அதனால் சாலையில் வண்டிகள் குறைந்த உடனேயே அளவும் இறங்கிவிடும். டெல்லியில் 30க்கும் மேற்பட்ட தானியங்கி நிலையங்கள் காற்றை இடைவிடாமல் அளக்கின்றன. ஊரடங்குக்கு முந்தைய வாரங்களோடு ஒப்பிட்டபோது நைட்ரஜன் டை ஆக்சைடும், பிஎம் 10, பிஎம் 2.5 எனப்படும் நுண்துகள்களும் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. கார்பன் மோனாக்சைடு சுமார் 30 விழுக்காடு குறைந்தது. முந்தைய ஆண்டுகளின் அதே நாள்களோடு ஒப்பிட்டு 22 இந்திய நகரங்களை ஆராய்ந்த ஓர் ஆய்வில் பிஎம் 2.5 43 விழுக்காடும், பிஎம் 10 31 விழுக்காடும், நைட்ரஜன் டை ஆக்சைடு 18 விழுக்காடும் குறைந்தது தெரியவந்தது.

மாற்றம் கண்ணுக்கும் தெரிந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் பஞ்சாபின் ஜலந்தரில் வீட்டு மாடிகளிலிருந்து இமயமலையின் தௌலாதர் தொடரைப் பார்க்க முடிந்தது. நடுத்தர வயதினர் பலர் தங்கள் ஊரிலிருந்து அதைக் கண்டது அதுவே முதல் முறை. வட இந்தியாவின் மேல் மிதக்கும் தூசுப்படலம், ஆண்டின் அந்தப் பருவத்துக்கு 20 ஆண்டுகளில் இல்லாத அளவு குறைந்திருந்ததை நாசாவின் செயற்கைக்கோள் பதிவுகள் காட்டின. தென்னிந்தியாவின் மேல் அதே காலத்தில் அப்படிப்பட்ட சரிவு தென்படவில்லை. முந்தைய நான்கு ஆண்டுகளைவிடச் சற்றுக் கூடுதலாகவே அங்கு தூசு இருந்தது. நாடு முழுவதும் வானம் தெளிந்துவிட்டதாக அப்போது பரவிய பேச்சு இதைக் கணக்கில் எடுக்கவில்லை.

வானிலையின் பங்கையும் பிரித்தறிய வேண்டும். மார்ச் கடைசியில் வட இந்தியாவின் பெரும்பகுதியில் மழை பெய்து காற்றிலிருந்த துகள்களைக் கழுவியது. வழக்கமாக மழை விட்டதும் மாசு மீண்டும் ஏறும், இம்முறை ஏறவில்லை. ஊரடங்கின் உண்மையான விளைவு அங்கேதான் தெரிகிறது. அதோடு, குளிர்காலம் முடிந்து வெயில் ஏறும்போது தரையை ஒட்டிய காற்று மேலெழுந்து கலப்பதால், ஊரடங்கு இல்லாத ஆண்டுகளிலும் பிப்ரவரியைவிட ஏப்ரலில் டெல்லிக் காற்று தெளிவாகவே இருக்கும். முந்தைய வாரங்களோடு மட்டும் ஒப்பிட்டுச் சொல்லப்படும் விழுக்காடுகளில் பருவ மாற்றத்தின் பங்கும் கலந்திருக்கிறது. டெல்லி, பெய்ஜிங், ஊஹான், லண்டன், நியூயார்க் உள்ளிட்ட 11 நகரங்களின் அளவுகளிலிருந்து வானிலையின் தாக்கத்தைக் கணக்கிட்டு நீக்கிப் பார்த்த ஆய்வு 2021இல் வெளிவந்தது. மாசு குறைந்தது உண்மைதான், ஆனால் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே குறைந்தது என்பது அதன் முடிவு.

ஓசோன் எதிர்த்திசையில் சென்றது. முன்குறிப்பிட்ட 22 நகரங்களில் அது 17 விழுக்காடு கூடியது. வண்டிப் புகையில் வெளிவரும் நைட்ரிக் ஆக்சைடு, தரைமட்ட ஓசோனோடு வினைபுரிந்து அதைத் தீர்க்கிறது. புகை குறைந்ததும் ஓசோனைத் தீர்க்க ஆள் இல்லாமல் போயிற்று; கோடை வெயிலும் அதன் உருவாக்கத்தைத் தூண்டியது. மூச்சுக்குழாயை அரிக்கும் இந்த வாயுவைக் கட்டுப்படுத்த வண்டிப் புகையைக் குறைத்தால் மட்டும் போதாது. எளிதில் ஆவியாகும் கரிமச் சேர்மங்களையும் சேர்த்துக் குறைக்க வேண்டும்.

டெல்லி நின்ற பிறகும் நிற்காதவை எவை என்பதே இந்த நிகழ்வு தந்த மிகப் பயனுள்ள தகவல். அனல் மின்நிலையங்கள் குறைந்த அளவிலேனும் இயங்கின. கங்கைச் சமவெளி வீடுகளில் விறகும் வறட்டியும் எரிந்தன. ஏழைக் குடும்பங்களுக்கு ஏப்ரல் முதல் மூன்று சமையல் எரிவாயு உருளைகளை அரசு இலவசமாக அறிவித்தும் அந்தப் பழக்கம் முழுதாக மாறவில்லை. வயல்களிலிருந்தும் கால்நடைகளிடமிருந்தும் எழும் அம்மோனியா, பிற வாயுக்களோடு சேர்ந்து காற்றிலேயே புதுத் துகள்களை உண்டாக்கியது. சீனாவில் இது இன்னும் அழுத்தமாகத் தெரிந்தது. ஊஹான் 2020 ஜனவரி 23 அன்று மூடப்பட்டு, நாட்டின் போக்குவரத்து பெருமளவு முடங்கியிருந்தும் பிப்ரவரியில் பெய்ஜிங்கைக் கடும் புகைமூட்டம் சூழ்ந்தது. ஈரப்பதமும் அசைவற்ற காற்றும் வேதிவினைகளை விரைவுபடுத்தியதே காரணம்.

பிஎம் 2.5க்கு இந்தியா வகுத்துள்ள நாள் சராசரி வரம்பு ஒரு கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம். உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு அப்போது 25. 2021 செப்டம்பரில் அது 15 ஆகக் குறைக்கப்பட்டது. ஊரடங்கு நாள்களில் டெல்லி பெரும்பாலும் உள்நாட்டு வரம்புக்குள் வந்தது. உலக வரம்பை எட்டவில்லை. ஒரு நகரமே முடங்கிய பிறகும் குழந்தைகள் சுவாசித்த காற்று உலக அளவுகோலில் தூய்மையானதாக இல்லை என்பது கவலைக்குரியது.

அந்த நீல வானத்தைப் பெருந்தொற்று தந்த பரிசு என்று பலர் அழைத்தார்கள். அந்தச் சொல் பொருந்தாது. மார்ச் 28 அன்று டெல்லியின் ஆனந்த் விகார் பேருந்து நிலையத்தில் ஆயிரக்கணக்கான புலம்பெயர் தொழிலாளர்கள் குழந்தைகளோடும் மூட்டைகளோடும் ஊர் திரும்ப வழியின்றி நெருக்கியடித்து நின்றார்கள். பேருந்து கிடைக்காத பலர் பல நூறு கிலோமீட்டர் நடந்தார்கள். மாசு குறைந்த கணக்கை அவர்களுடைய இழப்பிலிருந்து பிரித்து எழுதுவது நேர்மையாகாது.

ஜூன் முதல் தளர்வுகள் வந்தன. போக்குவரத்தோடு மாசும் திரும்பியது. அக்டோபரில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் நெல் அறுவடைக்குப் பின் தாளடி எரிப்பு தொடங்கியது. நவம்பர் நடுவில் தீபாவளியை ஒட்டி டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு 400ஐத் தாண்டி ‘கடுமை’ என்ற கடைசிப் படிநிலைக்குச் சென்றது. அதற்குச் சில வாரங்களுக்கு முன், அக்டோபர் இறுதியில், தலைநகர் மண்டலத்துக்கும் அதை ஒட்டிய பகுதிகளுக்குமான காற்றுத் தர மேலாண்மை ஆணையத்தை மத்திய அரசு அவசரச் சட்டம் மூலம் அமைத்தது. டெல்லியோடு பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகியவற்றின் பகுதிகளையும் ஒரே அதிகார வரம்புக்குள் கொண்டுவந்த இந்த ஆணையத்துக்கு 2021 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிரந்தரச் சட்ட வடிவம் கொடுத்தது.