ஆளில்லாமல் வந்த தீர்ப்பு: வெளிநாட்டிலிருந்து ஒப்படைக்கப்படுவதை எதிர்ப்பது எப்படி?

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் செய்தி சேகரிக்கப் போகும்போது, பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்விகளில் ஒன்று இது: “இங்க வழக்கில தண்டனை விழுந்தால், அங்க இருக்கிற பிள்ளையைப் பிடிச்சு அனுப்புவினமோ தம்பி?” இந்தப் பயம் காரணமில்லாதது அல்ல. அனுப்பக் கேட்கலாம். ஆனால் கேட்டவுடன் அனுப்பிவிட முடியாது.

நாடுகடத்தலும் ஒப்படைப்பும்

விசா இல்லாதவரை, புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவரை ஒரு நாடு திருப்பி அனுப்புவது நாடுகடத்தல். அது குடிவரவுத் திணைக்களத்தின் அலுவல். இலங்கை எழுத்தில் கேட்டு, வழக்கு விசாரணைக்காகவோ ஏற்கனவே விதிக்கப்பட்ட சிறைத்தண்டனையை அனுபவிக்கவோ ஒருவரை வாங்கிக்கொள்வது ஒப்படைப்பு. இங்கே நீதிமன்றம் வருகிறது, மேன்முறையீடும் வருகிறது. எதை எதிர்கொள்கிறோம் என்பதை முதலில் சட்டத்தரணியிடம் கேட்டுத் தெளிவாக்குங்கள்.

ஆள் இல்லாமலே தண்டனை

1979ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 241ஆம் பிரிவு, எதிரி தலைமறைவாகிவிட்டார் அல்லது நாட்டைவிட்டுப் போய்விட்டார் என்று நீதிமன்றம் திருப்தியடைந்தால், அவர் இல்லாமலே விளக்கத்தை நடத்த இடமளிக்கிறது. எல்லோரும் அறிந்த உதாரணம் 1996 ஜனவரி 31 மத்திய வங்கிக் குண்டுவெடிப்பு வழக்கு. அதில் வேலுப்பிள்ளை பிரபாகரனுக்கு 200 ஆண்டு சிறைத்தண்டனை என்று கொழும்பு மேல் நீதிமன்றம் 2002 ஒக்ரோபர் 31இல் தீர்ப்பளித்தது. தாய்லாந்தில் இரண்டாம் சுற்றுப் பேச்சுவார்த்தை தொடங்கியதும் அதே நாளில்தான்.

அதே 241ஆம் பிரிவில் ஒரு கதவும் உண்டு. தண்டிக்கப்பட்டவர் பின்னர் நீதிமன்றத்தில் தோன்றி, தான் வராமல் இருந்ததற்கு நேர்மையான காரணம் இருந்தது என்று காட்டினால், தீர்ப்பு நீக்கப்பட்டு வழக்கு மீண்டும் முதலிலிருந்து விளங்கப்பட வேண்டும்.

வன்னியைப் பொறுத்தவரை இது மிக முக்கியம். 2009இல் கிட்டத்தட்ட மூன்று இலட்சம் பேர் மெனிக்பாம் உள்ளிட்ட முகாம்களில் அடைக்கப்பட்டார்கள். மெனிக்பாம் 2012 செப்ரெம்பரில்தான் மூடப்பட்டது. ஆளில்லாத வீட்டு விலாசத்துக்கு அழைப்பாணை போயிருந்தால், வராதவர் ஒளிந்தவர் ஆகிவிடுவாரா? இடம்பெயர்ந்ததற்கான சான்று இருந்தால் அதை வைத்து வாதாடலாம்.

வெளிநாட்டு நீதிமன்றம் எதைப் பார்க்கும்?

பிரித்தானியாவின் 2003ஆம் ஆண்டு ஒப்படைப்புச் சட்டத்தில் இலங்கை இரண்டாம் வகை நாடு. தண்டனையை அனுபவிக்க ஒருவரைக் கேட்பதானால், விதிக்கப்பட்ட சிறைத்தண்டனை குறைந்தது 4 மாதமாக இருக்க வேண்டும். ஆளில்லாமல் வந்த தீர்ப்பென்றால் 85ஆம் பிரிவின்படி நீதிபதி இரண்டு கேள்விகள் கேட்பார். அவர் வேண்டுமென்றே வராமல் இருந்தாரா? இல்லையென்றால், திரும்பிப் போனதும் மறுவிசாரணைக்கு உரிமை உண்டா? இரண்டுக்கும் பதில் ‘இல்லை’ என்றால் விடுவிக்க வேண்டும். இனம், அரசியல் கருத்து காரணமாகத் தண்டிக்கப்படும் ஆபத்து, காலம் கடந்தமை, மனித உரிமைகள் ஆகியவற்றையும் எதிர்வாதமாக வைக்கலாம். புகலிடக் கோரிக்கை நிலுவையில் இருந்தால், அது முடியும்வரை ஒப்படைக்க முடியாது.

கனடாவிலும் தண்டனையில் குறைந்தது 6 மாதமாவது மீதமிருக்க வேண்டும். ஆளில்லாமல் தண்டிக்கப்பட்டவரை, இன்னும் விசாரிக்கப்படாதவரைப் போலவே நீதிபதி கையாள வேண்டும். அதாவது, தீர்ப்பை மட்டும் காட்டினால் போதாது. சாட்சியங்களையும் காட்ட வேண்டும். மறுபரிசீலனைக்கு வழியில்லையென்றால் அமைச்சரும் மறுக்கலாம்.

ஐரோப்பாவில் செய்டோவிச் என்பவரின் வழக்கு நல்ல உதாரணம். அவர் இல்லாமலே இத்தாலி அவருக்கு 21 ஆண்டு 8 மாதச் சிறை விதித்தது. 1999இல் ஜேர்மனியில் பிடிபட்டார். மறுவிசாரணைக்கு இத்தாலியச் சட்டம் போதிய உறுதி தரவில்லை என்று ஜேர்மனி அவரை ஒப்படைக்க மறுத்தது. 2006இல் ஸ்ட்ராஸ்பேர்க்கிலுள்ள ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றமும் இத்தாலியின் பக்கம் தவறு என்றது.

ஒப்புதல் வாக்குமூலம்

பயங்கரவாதத் தடைச்சட்டத்தின் 16ஆம் பிரிவில், உதவிப் பொலிஸ் அத்தியட்சகர் அல்லது அதற்கு மேற்பட்டவரிடம் கொடுத்த வாக்குமூலம் சான்றாகும். அது கட்டாயத்தில் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் சுமை எதிரியின் தலையில். ஆனால் 2012 ஜனவரி 17இல், பிரித்தானியாவுக்கு எதிரான ஒத்மான் வழக்கில், சித்திரவதையால் பெற்ற சாட்சியம் பயன்படுத்தப்படும் உண்மையான ஆபத்து இருக்கும் நாட்டுக்கு ஆளை அனுப்பக்கூடாது என்று ஸ்ட்ராஸ்பேர்க் தீர்ப்பளித்தது. 2008 ஜூலை 17இல், ஓர் இலங்கைத் தமிழரின் நாடுகடத்தலை நிறுத்திய தீர்ப்பில், நிலுவையிலுள்ள பிடியாணை, உடலிலுள்ள தழும்புகள் போன்றவற்றை ஆபத்துக் காரணிகளாக அதே நீதிமன்றம் எண்ணியது.

கால எல்லை

பிரித்தானியாவில் உயர் நீதிமன்றத்துக்கு மேன்முறையிட 14 நாள். அதற்கு நீதிமன்ற அனுமதியும் வேண்டும். கனடாவில் நீதிபதியின் கட்டளைக்கு எதிராக 30 நாள், அமைச்சரின் கட்டளைக்கு எதிராகத் தனியே 30 நாள்.

ஆனால் இந்த மேன்முறையீடு குற்றம் செய்தாரா இல்லையா என்பதைத் தீர்ப்பதில்லை. வோட்டர்லூ பல்கலைக்கழகப் பொறியியல் பட்டதாரியான சுரேஷ் சிறீஸ்கந்தராஜா, புலிகளுக்கு உதவினார் என்ற அமெரிக்கக் குற்றச்சாட்டில் 2006 ஓகஸ்டில் கனடாவில் கைதானார். கனடாவிலேயே விசாரிக்கலாமே என்ற அவரது வாதத்தை 2012 டிசெம்பர் 14இல் கனடிய உச்ச நீதிமன்றம் ஏகமனதாக நிராகரித்தது. அமெரிக்காவில் குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2013 ஒக்ரோபரில் கிடைத்தது 2 ஆண்டுத் தண்டனை. ஆறு ஆண்டுக்கு மேல் நடந்த போராட்டம் ‘எந்த நாட்டில் விசாரிப்பது’ என்பதைப் பற்றியதே.

வீட்டில் உள்ளவர்கள் செய்யக்கூடியவை

வெளிநாட்டுச் சட்டத்தரணிக்குத் தேவையான கடதாசிகள் பெரும்பாலும் வன்னியில்தான் இருக்கின்றன:

• வழக்கு இலக்கம், குற்றப்பத்திரிகை, தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதி. இவற்றை வழக்கு நடந்த மேல் நீதிமன்றப் பதிவாளரிடம் உள்ளூர்ச் சட்டத்தரணி மூலம் கேளுங்கள்.

• அழைப்பாணை, பிடியாணை எந்த விலாசத்துக்கு, எந்தத் திகதியில் போனது என்ற பதிவு.

• இடம்பெயர்ந்த திகதிகளைக் காட்டும் கிராம அலுவலரின் கடிதம், முகாம் அட்டை, நிவாரண அட்டை.

• முன்னைய கைது, தடுத்துவைப்பு, புனர்வாழ்வு தொடர்பான பற்றுச்சீட்டுகளும் விடுதலைக் கடிதங்களும், வைத்தியசாலைத் துண்டுகள்.

இவற்றைப் படமெடுத்து பிள்ளைக்கு அனுப்புங்கள். மூலப்பிரதியை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள். வழக்கு வரும்வரை காத்திருந்தால் 14 நாளில் வவுனியாவுக்கும் கொழும்புக்கும் ஓடி இதையெல்லாம் எடுக்க முடியாது. ஒவ்வொருவரின் வழக்கும் வேறு. இந்தக் கட்டுரை சட்ட ஆலோசனைக்கு ஈடாகாது. சட்டத்தரணியிடம் என்ன கேட்பது, எதைக் கொண்டுபோவது என்று தெரிந்துகொள்ள இது உதவினால் போதும்.