விருந்தும் வழியும்: நாட்றாம்பாளையத்து நடைபாதைகள்

விருந்தோம்பல் என்றவுடன் நம் நினைவில் எழுவன இலையும் சோறுமே. பழந்தமிழர் விருந்துக்கு மற்றொரு பாதியும் உண்டு. வந்தவருக்கு வழி சொல்வது அது. பசித்தவருக்குச் சோறிடுதல் எத்தகைய கடனோ, அறியாத நிலத்தில் நடப்பவருக்குப் பாதையின் நன்மை தீமைகளை எடுத்துரைத்தலும் அத்தகைய கடனாகவே கருதப்பட்டது. ஆற்றுப்படை என்னும் இலக்கிய வகையின் வேர் அக்கடனில்தான் இருக்கிறது.

பத்துப்பாட்டின் இறுதியில் வைக்கப்பெற்ற மலைபடுகடாம் இதற்குத் தலைசிறந்த சான்று. பெருங்கௌசிகனார் 583 அடிகளில் பாடிய இந்நூல், செங்கண்மாவின் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்துகிறது. செங்கண்மா என்பது இன்றைய திருவண்ணாமலை மாவட்டத்துச் செங்கம். வள்ளலின் கொடையைப் புகழ்வதோடு புலவர் நின்றுவிடவில்லை. பன்றிக்கு வைத்த கற்பொறிகள் உள்ள வழியில் விடியும்வரை பொறுத்திருந்து செல்லச் சொல்கிறார். புனம் காப்போர் யானைமீது எறியும் கவண்கற்களுக்கு எச்சரிக்கிறார். வழுக்குப் பாறைகளைக் கடக்கும் முறையையும், சேயாற்றங்கரையை ஒட்டிச் செல்லும் வழியையும் உரைக்கிறார். எல்லாவற்றினும் நம்மைக் கவர்வது ஒன்றுண்டு. பாதை பிரியும் கவலைகளில், பின்னால் வருவோர் அறியும்பொருட்டுப் புல்லை முடிந்து அடையாளம் வைத்துச் செல்லுமாறு கூத்தரிடம் சொல்கிறார். வழி கேட்டு வந்த விருந்தினரே வழி காட்டுபவராகவும் ஆகின்றனர்.

இந்நூலைக் காலால் நடந்து கற்பதற்கு உகந்த நிலம் ஒன்று இன்றும் உண்டு. கிருட்டினகிரி மாவட்டம் அஞ்செட்டி வட்டத்திலுள்ள நாட்றாம்பாளையமும் அதைச் சூழ்ந்த மேலகிரி மலைக்காடுகளுமே அது. அஞ்செட்டியிலிருந்து ஒகேனக்கல் செல்லும் மலைச்சாலை இவ்வூர் வழியே இறங்குகிறது. கேழ்வரகு முற்றும் பருவத்தில் காவிரிக்கரைக் காடுகளிலிருந்து யானைக் கூட்டங்கள் தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் வருவது ஆண்டுதோறும் நிகழ்வது. பரண்மீது இரவெல்லாம் விழித்திருக்கும் உழவரைக் காணும்போது, சங்கப் புலவர் கண்ட புனக்காவலர் நம் நினைவுக்கு வராமல் இரார். தமிழும் கன்னடமும் தெலுங்கும் கலந்து வழங்கும் எல்லை நிலம் இது. கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை. புகையும் பாறையே ஒகேனக்கல் ஆயிற்று.

இப்பாதைகளை வகுத்தவர் யார்? அரசர்கள் அல்லர். ஆலம்பாடி மாடுகளைக் காட்டுப் பட்டிகளுக்கு ஓட்டிச் சென்றவர்களும், தேனும் புளியும் எடுத்தவர்களும், பரிசலேறிக் காவிரியைக் கடந்தவர்களும் நடந்து நடந்து உண்டாக்கியவை இவை. தருமபுரி, கிருட்டினகிரி வட்டாரங்களில் காணப்படும் நடுகற்களுள் புலியோடு பொருது மாண்டவர்க்கு எடுத்த கற்களும் உள்ளன. வழிநடையின் விலை என்னவென்பதை அக்கற்கள் சொல்கின்றன.

1792-இல் பாராமகாலும், திப்பு வீழ்ந்த 1799-இல் ஓசூர்ப் பகுதியும் கும்பினியார் கைக்கு வந்தன. 1882-இன் சென்னை வனச் சட்டத்திற்குப்பின் காடுகள் காப்புக்காடுகளாயின. காலங்காலமாக நடந்தவன் அனுமதி கேட்டு நடப்பவன் ஆனான். அதே காட்டில் பயணியர் மாளிகைகள் எழுந்தன. துப்பாக்கியோடு துரைமார் விருந்தினராக வந்தனர். முன்னே நடந்து வழி காட்டியவர் இவ்வூர் மக்களே. எனினும் பதிவேடுகளில் விருந்தினரின் பெயர் இருக்கிறது, வழிகாட்டியின் பெயர் பெரும்பாலும் இல்லை. இதற்கு விலக்கானவர் பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சன் (1910–1974). 1954-இல் தொடங்கி வெளிவந்த அவருடைய வேட்டை நூல்களில் ஜவளகிரி, அஞ்செட்டி, முத்தூர், சின்னாறு ஆகியன திரும்பத் திரும்ப வருகின்றன. காட்டைத் தமக்குக் கற்பித்த பைரா என்னும் பூசாரியையும், ரங்காவையும் அவர் பெயர் சொல்லி எழுதினார்.

பின்னர் அச்சம் பாதைகளை அடைத்தது. ஆற்றின் அக்கரையிலுள்ள கோபிநத்தத்தில் பிறந்த வீரப்பன் 2004 அக்டோபரில் கொல்லப்படும்வரை, இக்காடுகளில் வெளியார் நடப்பது அரிதாயிற்று. அதன்பின் சட்டம் இறுகியது. காவிரி வடக்குக் காட்டுயிர்ச் சரணாலயம் 2014-இலும், காவிரி தெற்குச் சரணாலயம் 2022-இலும் அறிவிக்கப்பெற்றன. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச்சில் காட்டுத்தீக்கு 20-க்கும் மேற்பட்ட மலையேற்றத்தினர் பலியாயினர். அவ்வாண்டே மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகளைத் தமிழக அரசு இயற்றியது. விடியும்வரை பொறுத்துச் செல்க என்ற பழைய அறிவுரை இன்று விதியின் உருவில் வந்திருக்கிறது. இதைக் குறை கூறுவதற்கில்லை. யானையின் வழியில் நாம்தாம் விருந்தினர்.

அக்டோபர் 2024-இல் வனத்துறை 40 வழித்தடங்களோடு மலையேற்றத் திட்டமொன்றைத் தொடங்கியது. கிருட்டினகிரி மாவட்டத்தில் அய்யூர்–சாமியேரியும் குத்திராயன் சிகரமும் அதில் இடம்பெற்றன. காட்டை ஒட்டிய ஊர்களின் இளைஞர்கள் பயிற்சிபெற்று ஊதியத்துடன் உடன் நடக்கின்றனர். வழிகாட்டிக்கு முறையான இடம் கிடைத்தது என்பதாலேயே இதை வரவேற்கிறோம்.

ஆயினும் சில தடங்களைக் காப்பதால் மட்டும் வழியறிவு முழுவதும் நிலைத்துவிடாது. நாட்றாம்பாளையம் வழியாகச் செல்லும் பிலிகுண்டுலுவை எண்ணிப் பார்ப்போம். கர்நாடகம் தரவேண்டிய காவிரி நீர் அங்குதான் அளக்கப்படுகிறது. 2018 பிப்ரவரியில் உச்சநீதிமன்றம் அதனை ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. என்று வரையறுத்தது. அந்த எண் நாடறிந்தது. அங்கே ஆற்றோரமாக நடக்கும் ஒற்றையடிப்பாதையோ சில சிற்றூர்களின் நினைவில் மட்டுமே உள்ளது. மேய்ச்சலை விட்டு இளைஞர்கள் ஓசூரின் தொழிற்சாலைகளுக்குச் செல்லும் காலத்தில் அந்நினைவு ஒரு தலைமுறைக்குமேல் தங்குமா என்பது ஐயமே. பிழைப்பு தேடிச் செல்வோரைத் தடுக்க நமக்கு உரிமையில்லை. முதியோர் அறிந்த பாறைகள், சுனைகள், கவலைகள் ஆகியவற்றின் பெயர்களை மூன்று மொழிகளிலும் கேட்டு எழுதிவைக்க இயலும். 2006-இன் வன உரிமைச் சட்டத்தின்கீழ்க் காட்டில் தமக்குள்ள உரிமையை நாட்ட விழையும் ஊர்களுக்கும் அத்தகைய பதிவு கைகொடுக்கும்.

மலைபடுகடாத்தைத் தேர்வுக்குரிய பாடமாக மட்டும் கற்பிக்கும் தமிழ்த்துறைகள் இப்பணியை ஏற்கலாம். பெருங்கௌசிகனார் கேட்டுக்கொண்டதும் இவ்வளவே: போகிறவர் பின்வருவோர்க்கு ஓர் அடையாளம் வைத்துப் போகவேண்டும்.